ஊர்ப்பேச்சை ஆராய ஊரைவிட்டுப் போவதா?

எமக்கு அறிமுகமான ஓர் இளம் ஆசிரியை சில காலத்துக்கு முன்னர் ஒரு கேள்வியோடு எம்மிடம் வந்தார். வடபகுதிக் கரையோரக் கிராமம் ஒன்றிலே கடற்றொழிலாளி ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர். இலவசக் கல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழகம் வரை நடந்து, தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுக் கலைமாணிப் பட்டம் பெற்றவர். தந்தையாரும் அவரோடு தொழில் செய்வோரும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் மீனுக்கும் வழங்கும் சொற்களை மூன்று கொப்பிகள் நிறைய எழுதிவைத்திருக்கிறார். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுகளுக்குப் பெயர் சொல்வதோடு நின்றுவிடாமல், அவை எழும்போதும் விழும்போதும் கடல் கொள்ளும் குணத்துக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் பேச்சு அது என்கிறார். அந்தப் பேச்சின் ஒலியும் சொல்லும் வாக்கியமும் எவ்வாறு அமைந்துள்ளன, தந்தையின் பேச்சுக்கும் தம்பியின் பேச்சுக்கும் இடையிலே எது மாறியிருக்கிறது என்று முறைப்படி ஆராயவேண்டும் என்பது அவர் விருப்பம். “இதை நான் எங்கே படிக்கலாம்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது மொழியியலிலே பட்டப்பின் படிப்பு. கேள்வி எளிது, விடை தேடி அவர் ஓராண்டு அலைந்தார். முதலிலே சென்ற இடத்தில், “பேச்சு வழக்கெல்லாம் ஆராய்ச்சிக்கு அடங்காது பிள்ளை; இலக்கியத்திலே ஏதேனும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு வாரும்” என்றார்கள். அடுத்த இடத்தில், மொழியியல் என்றால் ஆங்கிலம் கற்பிக்கும் முறை என்பதே அவர்கள் கொண்ட பொருள். மாணவர் ஆங்கிலத்திலே விடும் பிழைகளைப்பற்றி எழுதலாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் பாடம் உண்டு. ஆனால் ஆங்கில மூலம், வார இறுதிதோறும் தலைநகர்ப் பக்கம் வரவேண்டும், கட்டணமும் உண்டு. பஸ் கூலியையும் தங்கும் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். நாலாவதாக ஒரு பெரியவர் மிகுந்த அன்போடு, “இந்தியாவுக்குப் போய்ப் பாரும் பிள்ளை” என்று ஆலோசனை சொன்னார். இன்று அவர் கல்வி நிருவாகத்திலே முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அதற்குச் சம்பள ஏற்றம் உண்டு.

வழிகள் பல இருக்கின்றனவே, தெரிவு செய்வதுதானே மாணவர் கடமை என்று கூறுவோர் உண்டு. தெரிவு என்ற சொல்லையே நாம் மறுக்கிறோம். நான்கு கதவுகள் இருந்தும் நான்கும் ஒருவருக்குப் பூட்டியிருக்குமானால், அவர் முன்னால் இருப்பவை கதவுகள் அல்ல, சுவர்கள்.

இந்த நிலை நேற்று வந்ததன்று. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942-இலே தோன்றியது. விபுலானந்த அடிகளுக்குப் பின் அங்கே தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை அவர்கள் ஏழாம் எட்டாம் நூற்றாண்டுச் சாசனங்களின் தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றது இலண்டனிலே. அவருக்குப் பின்வந்த சதாசிவம் அவர்களும் வேலுப்பிள்ளை அவர்களும் ஒக்ஸ்போட்டிலே பேராசிரியர் பரோவிடம் பயின்றார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழைத் தற்கால மொழியியல் முறையிலே முழுமையாக விவரித்த சுசீந்திரராசா அவர்களின் ஆய்வு, 1960-களிலே கடல் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே நடந்தது. நுஃமான் அவர்கள் மொழியியற் கலாநிதிப் பட்டம் பெற்றதும் அங்கேதான். தலைமுறை தலைமுறையாக எம் மொழியைப் படிப்பதற்கு எம் கல்விமான்கள் கப்பலேறியிருக்கிறார்கள். அடிமை நாட்டிலே பிறந்த கணபதிப்பிள்ளை அவர்கள் கப்பலேறியதற்கு நியாயம் உண்டு. சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் ஒரு மீனவர் மகளுக்கு அதே ஆலோசனையைத்தானே நாம் சொல்கிறோம்!

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை இங்கே குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தியாவிலே 1950-களின் நடுப்பகுதியில் பூனா தக்காணக் கல்லூரியை நடுவாகக்கொண்டு கோடைகால மொழியியற் பள்ளிகள் நடைபெற்றன. இளம் ஆசிரியர்களைக் கூட்டிவைத்து, கிராமத்துக்குப் போய்ப் பேச்சைப் பதிவுசெய்து பகுத்தாராயப் பழக்கினார்கள். 1963-இலே அண்ணாமலையில் மொழியியல் உயராய்வு மையம் அமைந்தது, தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதற்குத் தலைமை தாங்கினார். அங்கிருந்து சாதி வழக்குகள், வட்டார வழக்குகள், பழங்குடி மொழிகள் என்று அடுக்கடுக்காக ஆய்வுகள் வெளிவந்தன. ஒரு சிறிய ஊரிலே ஒரு துறையைக் கட்டியெழுப்பினால் என்ன நிகழும் என்பதற்கு அது சாட்சி. அதன் பயனை நாமும் அனுபவித்தோம். அனுபவித்துவிட்டு, அதைப்போல ஒன்றை இங்கே கட்டவேண்டும் என்று நினையாமல் விட்டோம்.

இங்கே ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இந்த நாட்டில் மொழியியல் நெடுங்காலமாகத் தனித்துறையாக நிலைபெற்றிருப்பது களனியிலே. சிங்கள மொழியாய்வுக்கு அத்துறை செய்த தொண்டு பெரிது. அதன் மேல் எமக்குக் குறையில்லை, மதிப்பே உண்டு. யாழ்ப்பாணத்திலோ மொழியியல் ஆங்கிலத்தோடு ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டது. ஆங்கிலத்துக்கு வேலைச் சந்தை இருக்கிறது, மொழியியலுக்கு இல்லை. ஒரே வீட்டிலே உழைக்கும் பிள்ளையும் உழைக்காத பிள்ளையும் இருந்தால் சோறு யாருக்கு முதலிலே விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தமிழ்த்துறைகளிலே மொழியியல் ஒரு வினாத்தாள். மாணவர் அதைக் கடந்து சங்க இலக்கியத்துக்குப் போய்விடுவர். இவ்வாறு தமிழின் வீட்டிலும் ஆங்கிலத்தின் வீட்டிலும் மொழியியல் விருந்தாளியாகவே இருக்கிறது.

இனி, நாம் கைவிட்ட வயலிலே யார் அறுவடை செய்தார்கள் என்று பார்ப்போம். மட்டக்களப்பிலே பறங்கியர் சிலர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி, தமிழோடு நூற்றாண்டுகள் பழகியதனால் தமிழின் வாக்கிய அமைப்பைத் தன்னுள் வாங்கிக்கொண்ட அரிய மொழி. 1970-களிலே அதனை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வழங்கியது அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம். நீர்கொழும்பு மீனவரின் தமிழையும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். நாம் “நான் போறன், அவன் போறான், அவை போகினம்” என்று வினையின் ஈற்றிலே ஆளையும் எண்ணையும் காட்டுகிறோம். நீர்கொழும்பு மீனவர் பேச்சிலே இந்த விகுதிகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. சிங்களப் பேச்சு வழக்கைப்போலவே வினை ஒரே வடிவாக நிற்கிறது. ஒரு திராவிட மொழி தன் அயல் மொழியோடு கொடுக்கல் வாங்கல் செய்து இலக்கணத்தையே மாற்றிக்கொள்வதைக் கண்முன்னே காணவேண்டுமானால் கொழும்பிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போதும். அந்த பஸ்ஸிலே ஏறியவர் அமெரிக்கர். செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் 1960-களிலே எம் பேச்சு வழக்குகளைப்பற்றிக் கட்டுரைகள் எழுதினார். மட்டக்களப்புப் பேச்சு ஏனைய பேச்சு வழக்குகளைவிட இலக்கியத் தமிழுக்கு நெருங்கியது என்று எடுத்துக்காட்டியவர் அவர். மட்டக்களப்பார் “மறுகா” என்று சொன்னால் சிரிப்பதற்கு மட்டும் யாழ்ப்பாணத்தார் அறிந்திருந்த காலத்திலே பிராகாவிலிருந்து ஒருவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டார்!

இந்த அந்நியர்மேல் எமக்கு வருத்தம் இல்லை. நேர்மையாக வந்து நேர்மையாக உழைத்தார்கள். எம் மக்களிடம் மரியாதையோடு கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவர்களால் விளைந்த நன்மைக்கும் ஓர் உதாரணம் கூறவேண்டும். 1978-இலே பேச்சுத் தமிழைக் கற்பிக்கும் ஒரு பாடநூல் கொழும்பிலே வெளிவந்தது. எழுதியவர்கள் மூவர்: கோர்னெலைச் சேர்ந்த ஜேம்ஸ் கெயர், எம் சுசீந்திரராசா, களனியின் கருணாதிலக்க. ஓர் அமெரிக்கர், ஒரு தமிழர், ஒரு சிங்களவர் ஆகிய மூவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை ஒலி ஒலியாகப் பிரித்துப் பிறர் கற்பதற்கு வகைசெய்தார்கள். அது எந்தக் காலம் என்பதை வாசகர் நினைத்துப் பார்க்கவேண்டும். அரசியல் மேடைகளிலே இரு மொழியினரும் முகம் திருப்பிக்கொண்டிருந்த காலம். மொழியியல் இருந்த இடத்திலே ஒரு மேசை இருந்தது. எம் வருத்தமெல்லாம் அந்த மேசையைப் பெரிதாக்காமல் விட்டவர்கள்மேல்.

பண்டிதர்கள் குறுக்கிடுவார்கள் என்பதை அறிவோம். தொல்காப்பியம் இருக்க, நன்னூல் இருக்க, வேறு மொழியியல் எதற்கு என்பார்கள். 1960-களின் தொடக்கத்திலே எழுந்த மரபுப் போராட்டத்தை இந்த ஏட்டின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நேரிலே காணாதவரும் படித்தேனும் அறிந்திருப்பர். எம் எழுத்தாளர்கள் உழவனையும் சலவைத் தொழிலாளியையும் அவரவர் பேச்சிலேயே பேசவைத்தபோது, அதனை இழிசனர் வழக்கு என்றார்கள். அந்தப் போரிலே சிறுகதையும் நாவலும் வென்றன. டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுதிய உரையாடலை இன்று பல்கலைக்கழகங்களிலேயே பாடமாக வைக்கிறார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இலக்கியத்திலே வென்ற பேச்சு, ஆராய்ச்சி மண்டபத்திலே இன்னும் வாசலில் நிற்கிறது. ஜீவாவின் கதையை ஆராயலாம்; ஜீவாவின் தெருவை ஆராயக்கூடாது என்பது எந்த நியாயம்?

தொல்காப்பியத்தையே எடுத்துக்கொள்வோம். சுட்டு மூன்று, அ இ உ என்று அது கூறுகிறது. இன்று தமிழகத்துப் பேச்சிலே உகரச் சுட்டு வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்திலே கோவணத்தோடு வயலில் நிற்கும் கமக்காரன் “உவன் எங்கை போறான்?”, “உதை இஞ்சை கொண்டுவா” என்று நாளுக்கு நூறு முறை சொல்கிறான். மூன்று சுட்டும் அவன் நாவிலே உயிரோடு இருக்கின்றன. எது அண்மை, எது சேய்மை, எது இடைப்பட்டது அல்லது கேட்பவனுக்கு அருகில் உள்ளது என்று அவன் பிழையின்றிப் பகுத்தறிகிறான். சூத்திரத்தை மனனம் செய்த பண்டிதர் உரையாசிரியரிடம் விளக்கம் தேடுகிறார். வேலிக்கு அப்பால் நிற்கும் கமக்காரனிடம் கேட்கத் தோன்றவில்லை. ரீச்சர் என்றும் கொமிற்றி என்றும் நாம் எழுதுவதைக் கண்டு தமிழகத்து நண்பர்கள் நகைப்பதுண்டு. ஆங்கிலேயரின் அந்த ஒலி நுனிநாவை மேலண்ணத்துக்கு வளைத்து எழுப்புவதன்று. பல்லுக்கு மேலுள்ள ஈற்றிலே நாவைப் பதித்து எழுப்புவது. எம் பேச்சிலே ‘காற்று’, ‘நேற்று’ என்ற சொற்களில் அதே ஒலி இன்றும் வாழ்வதனால் எம் காது அதை றகரத்தோடு சேர்த்தது. ஆகவே எம் எழுத்து பிழையன்று. பழைய தமிழ் ஒலி ஒன்று எம்மிடம் பிழைத்திருப்பதற்கான அடையாளம். இதை எத்தனை தமிழாசிரியர் வகுப்பிலே விளக்குகிறார்கள்? விளக்க அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கணபதிப்பிள்ளை அவர்கள் இதனை உணர்ந்திருந்தார். சாசனத் தமிழிலே ஆழ்ந்த அந்த மனிதர்தான் 1940-இலே ‘நானாடகம்’ என்ற நூலை வெளியிட்டு, யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பேச்சை மேடையேற்றினார். கல்லிலே எழுதிய தமிழும் ஒரு காலத்திலே யாரோ பேசிய தமிழ்தானே என்பதை மொழியியல் கற்ற ஒருவரே துணிந்து காட்டமுடியும்.

பேச்சை ஆராய்வது இன்னொரு வகையிலும் பலருக்கு இடைஞ்சலானது. சுசீந்திரராசா அவர்கள் 1970-களிலே யாழ்ப்பாணச் சமூகத்தில் சாதியும் மொழியும் என்ற பொருளைப்பற்றி எழுதினார். நீ, நீர், நீங்கள் என்று எமக்கு மூன்று முன்னிலைச் சொற்கள் உண்டு. யார் யாரை நீ என்கிறார், யார் யாரை நீங்கள் என்கிறார், எழுபது வயது முதியவரை ஏழு வயதுச் சிறுவன் எந்த வேலிக்கு வெளியே நின்றபோது நீ என்று அழைத்தான் என்று கேட்கத் தொடங்கினால், பதில் இலக்கணத்தோடு முடியாது. காணிக்கும் கோயிலுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். சாதியை மேடையிலே கண்டிப்பவர் உளர். அது வினைமுற்றின் விகுதியிலே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டுபவரே நமக்கு அதிகம் தேவை. அத்தகைய ஆய்வு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. போராட்டங்களும் போரும் இடப்பெயர்வும் நிகழ்ந்த பின் அந்த மூன்று சொற்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஊர் ஊராகத் திரும்பிச் சென்று கேட்க எம்மிடம் ஆளில்லை.

எம் இடதுசாரித் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. பசித்த வயிற்றுக்கு ஒலியன் எதற்கு, உருபன் எதற்கு என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். மொழி மேற்கட்டுமானத்தைச் சேர்ந்தது என்ற மாரின் கொள்கையை மறுத்து 1950-இலே ஸ்டாலின் ‘பிராவ்தா’வில் எழுதியதை இவர்களுள் மூத்தவர்கள் மணிக்கணக்காக விவாதித்தவர்கள். மொழி எந்தக் கட்டுமானத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள அத்துணை ஆவல். அது எவ்வாறு அமைந்துள்ளது என்று தெரிந்துகொள்ள ஆவல் இல்லை! (விவாதத்துக்குத் தேநீரும் செலவாயிற்று, ஆராய்ச்சிக்கு ஒரு சதமும் செலவாகவில்லை.)

பசித்தவனுக்கு மொழியியல் எதற்கு என்பதற்கு நீதிமன்றத்திலே விடை இருக்கிறது. தோட்டத் தொழிலாளி ஒருவர் சாட்சி கூறுகிறார். அவர் சொன்னது ஒன்று, மொழிபெயர்ப்பாளர் விளங்கிக்கொண்டது ஒன்று, பதிவானது வேறொன்று. மலையகப் பேச்சின் சொல் நுணுக்கத்தை ஆராய்ந்து எழுதிய கையேடு கையில் இல்லாமல் மொழிபெயர்ப்பாளரைமட்டும் குற்றம் கூறி என்ன பயன்? மருத்துவமனைக்குப் போவோம். பாரிசவாதத்தினாலே பேச்சிழந்த முஸ்லிம் முதியவர் ஒருவருக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கவேண்டும். அவர் பேசிய தமிழின் ஒலியமைப்பும் வாக்கிய அமைப்பும் அறியாமல் சோதனைக்கு வேண்டிய சொற்பட்டியலை யார் தயாரிப்பது? வேற்று மொழியிலே தயாரித்ததைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது அவர் நோயைச் சோதிக்காது. பெயர்த்தவரின் அகராதியைத்தான் சோதிக்கும். 1956-இலே தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலிலே அடிபட்டவர்கள் கேட்டது தமிழுக்குச் சட்டத்திலே ஓர் இடம். 1987-இலே பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 2012-இலே மும்மொழி இலங்கை என்று பத்தாண்டுத் திட்டம் ஒன்றை விழா எடுத்துத் தொடங்கினார்கள். பத்தாண்டு முடிந்தது; பெயர்ப்பலகைகளின் தமிழ்ப் பிழைகள் முடியவில்லை. சட்டம் எழுத ஒரு நாள் போதும். அந்தச் சட்டத்தைக் கந்தோரிலே நடத்திக்காட்டும் மொழிபெயர்ப்பாளரையும், அவர்களைப் பயிற்றும் ஆசிரியரையும், அந்த ஆசிரியருக்கு அறிவு வழங்கும் ஆராய்ச்சியாளரையும் உருவாக்க இருபது ஆண்டுகள் வேண்டும். அந்த இருபது ஆண்டு பட்டப்பின் வகுப்பிலேதான் தொடங்குகிறது.

அடுத்து, கட்டணம். 1945-இலே கன்னங்கராவின் திட்டத்தினால் இலவசக் கல்வி வந்தது. ஏழைப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றது அதனால்தான். கலைமாணிப் பட்டம்வரை அந்தக் கொடை செல்லும். அதற்கு மேலே பாடநெறியாக நடக்கும் முதுமாணிப் படிப்புக்கு அரச பல்கலைக்கழகங்களே கட்டணம் அறவிடுகின்றன. விளைவு என்ன? கட்டணம் செலுத்துவோர் எதைக் கேட்கிறாரோ அதுவே பாடநெறியாகிறது. உத்தியோக உயர்வுக்கு உதவும் படிப்புகளுக்குக் கூட்டம் சேர்கிறது. நிருவாகத்தையும் ஆங்கிலம் கற்பித்தலையும் நாடி ஆசிரியர் வருகின்றனர். ஆய்வுக் கட்டுரையின்றி 30 பாட அலகுகளோடு முடியும் முதுமாணி ஒன்று. ஆய்வையும் சேர்த்து 60 அலகுகள் கொண்ட முதுமாணி இன்னொன்று. குடும்பமும் கடனும் உள்ள ஆசிரியர் எதைத் தேர்வார் என்று நாம் ஊகிக்கலாம். அவரை நாம் குறைகூறோம். இரண்டு ஆண்டு முழுநேரம் ஆராயவேண்டிய முதுதத்துவமாணிக்கும் மூன்று ஆண்டுக் கலாநிதிப் பட்டத்துக்கும் சம்பளமில்லாமல் யாரால் இருக்கமுடியும்? மொழியியலுக்கு மாணவர் வருவதில்லை, ஆகவே பாடநெறி இல்லை என்கிறார்கள். பாலம் இல்லாத ஆற்றங்கரையிலே நின்றுகொண்டு, ஆற்றைக் கடப்போர் எவரும் இல்லை, ஆகவே பாலம் வேண்டியதில்லை என்று சொல்வதற்கு இது ஒப்பாகும்.

ஆங்கிலம் தெரியாமல் மொழியியல் படிப்பதா என்பது இன்னொரு கேள்வி. உலகிலே நடக்கும் ஆராய்ச்சியை வாசிக்க ஆங்கிலம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. தமிழ் மாணவருக்கு அதைத் தாராளமாகக் கற்றுக்கொடுங்கள். வாசிப்பதற்கு வேண்டிய ஆங்கிலம் வேறு, வாசலிலே நின்று நுழைவுச்சீட்டுக் கேட்கும் ஆங்கிலம் வேறு. தமிழிலே நூல் இல்லை என்ற பழைய பல்லவியும் உண்மையன்று. மு. வரதராசனார் 1954-இலே ‘மொழி வரலாறு’ எழுதினார். வேலுப்பிள்ளை அவர்களின் ‘தமிழ் வரலாற்றிலக்கணம்’ 1966-இலே வெளிவந்தது. நுஃமான் அவர்களின் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ 1999-இலே வந்தது. தற்கால மொழியியற் பார்வையை ஒரு பள்ளி ஆசிரியரும் விளங்கிக்கொள்ளும் நடையிலே அது தருகிறது. குறை இருக்கிறது என்றால் குறையை நிரப்புவது யார்? தமிழிலே ஆய்வு எழுத அனுமதி மறுத்துவிட்டுத் தமிழிலே ஆய்வு நூல் இல்லை என்று புலம்புவதிலே பொருளில்லை.

காலம் எம்மோடு விளையாடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் கடல் கடத்தப்பட்டனர். அவர்களின் பேச்சு நீலகிரியிலே சிதறியது. 1990 ஒக்டோபரிலே வடபகுதி முஸ்லிம்கள் சில நாட்களுக்குள், சிலர் சில மணித்தியாலங்களுக்குள், வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தும் மன்னாரிலும் அவர்கள் நூற்றாண்டுகளாகப் பேசிய தமிழ் புத்தளத்து அகதி முகாம்களிலே வேற்று வழக்குகளோடு கலந்தது; அதை அதன் சொந்த மண்ணிலே வைத்துப் பதிவுசெய்யும் வாய்ப்பு அன்றோடு போயிற்று. 2009-இலே வன்னியிலே என்ன நடந்தது என்பதை இங்கே விரிக்கவேண்டியதில்லை. பேசியவர் போனபின் பேச்சு எங்கே? 1981-இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நினைத்து இன்றும் கண்ணீர் விடுகிறோம். அச்சிலே ஏறாத நூலகங்கள் திண்ணைகளிலும் வாடிகளிலும் முதியோரோடு ஒவ்வொன்றாக அவிந்துபோவதை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பதைத் திட்டமாகவே சொல்லிவிடுகிறோம். தமிழ் மூலம் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றிலேனும் மொழியியலுக்கு, எந்த மொழித்துறைக்கும் வால்பிடிக்காத தனித்துறை வேண்டும். யாழ்ப்பாணத்திலோ கிழக்கிலோ தென்கிழக்கிலோ எங்கே அமைந்தாலும் எமக்குச் சம்மதம். அங்கே முதுமாணியும் முதுதத்துவமாணியும் கலாநிதிப் பட்டமும் தமிழிலே எழுதி வழங்கப்படவேண்டும். வெளிக்கள ஆய்வு செய்யாத எவருக்கும் பட்டம் கொடுக்கலாகாது. பாடசாலை ஆசிரியருக்குச் சம்பளத்தோடு கூடிய ஆய்வு விடுமுறை வேண்டும். ஏனென்றால் இந்த நாட்டிலே ஒவ்வொரு கிராமத்தின் பேச்சுக்குள்ளும் ஏற்கெனவே குடியிருப்பவர் அவரே. அப்பாடநெறிக்குக் கட்டணம் கூடாது. களனியிலே பயிலும் சிங்கள மாணவர் ஓராண்டு இங்கே வந்து தமிழ்க் கிராமத்திலே தங்கட்டும். எம் மாணவர் ஓராண்டு அங்கே சென்று சிங்களக் கிராமத்திலே தங்கட்டும். 1978-இலே மூவர் உட்கார்ந்த மேசைக்கு முப்பது நாற்காலி போடுங்கள் என்பதே இதன் பொருள். இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் தொலைபேசியாக இருக்கிறது. வேண்டியது ஐந்தாறு விரிவுரையாளரும், பதிவுகளைப் பேணிக் காக்கும் ஒரு களஞ்சியமும், பேச்சு ஆராய்ச்சிக்கு அடங்கும் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு மனமும்.

நிதி ஒதுக்குவோர் ஆணைக்குழு அமைக்கட்டும். பீடங்கள் கூட்டம் கூட்டட்டும். அதுவரை தமிழ்த்துறைத் தலைவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை பேச்சு வழக்கைப்பற்றிய ஆய்வுத் தலைப்போடு ஒரு மாணவி வரும்போது, இலக்கியத்திலே எடுத்துக்கொண்டு வாரும் என்று திருப்பி அனுப்பாமல், உட்காரச் சொல்லிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். நாம் குறிப்பிட்ட ஆசிரியையின் தந்தையார் கடலுக்குப் போவதை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காது சற்று மந்தம், பேச்சு இன்னும் தெளிவு. மூன்று கொப்பிகளும் வீட்டிலே இறங்குபெட்டிக்குள் இருக்கின்றன. நாலாவது கொப்பி வாங்கியிருக்கிறாராம். அதிலே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.